வானத்தில் சட்டி இல்லை

ரப்பர்ப் பால் மெசின் ஓடும்போது யாரும் பேச மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. மெசினை நிறுத்திச் சட்டியைக் கழற்றிக் கழுவ உட்காரும் நேரத்தில்தான் பெண்கள் வயிற்றில் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டுவார்கள்.

"ஏன் அக்னஸு, உன் தம்பி டாக்டராகி வந்துட்டாராம்ல? சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியிலயா போடப்போறாங்க?" என்று கேட்டாள் புஷ்பவள்ளி.

"ஆஸ்பத்திரியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவன் ஊசி போடுற டாக்டரு இல்ல."

"பின்ன என்ன டாக்டரு?"

"காத்து டாக்டரு."

"காத்துக்கு என்னாடி சீக்கு?"

கழுவும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பவள்ளிக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. "என் வீட்டுக்காரருக்கும் வயித்துல காத்துதான். தம்பிகிட்ட சொல்லிப் பாரு லா, ஒரு மருந்து எழுதிக் குடுக்கட்டும்."

அக்னஸும் சேர்ந்து சிரித்தாள். தம்பியைப் பார்த்து நாலு பேர் சிரித்ததில் அவள் வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. குளிர்ந்ததை நினைத்து வெட்கம் வந்தது. வெட்கத்தோடு சேர்த்துச் சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த வெள்ளைச் சேற்றை நாரால் அழுத்தித் தேய்த்தாள். பால் கெடாமல் இருக்க ஊற்றும் அமோனியா அந்தத் தொழிற்சாலையின் சுவரில்கூட ஊறியிருந்தது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் கண்ணீர் விட்டு அழுவார்கள். பழகியவர்களுக்கு மூக்கு செத்துப்போயிருக்கும். அக்னஸுக்கு மூக்கும் செத்து, நகங்களும் மஞ்சளாகிச் சில்லு சில்லாக உதிரத் தொடங்கியிருந்தன.

பாடாங் செராய்க்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. அவளுக்கும் தம்பி எர்னஸ்டுக்கும் ஒரு வயது வித்தியாசம். அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அவளை ஒரு வருடம் வீட்டிலேயே நிறுத்திவைத்து, பிறகு இருவரையும் ஒன்றாகத்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலிருந்து டவுன் இங்கிலீஷ் பள்ளியில் மூன்றாம் பாரம் என்ற ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பாடம். கணக்கில் அவள் முதல், அவன் இரண்டாவது. சில மாதங்களில் அவன் மூன்றாவது. அவள் ஒரு மாதம்கூட இரண்டாவதாக வந்ததில்லை.

மூன்றாம் பாரத்துச் சோதனை முடிந்த விடுமுறையில் அப்பாவின் கால் லோரிக்கு அடியில் போய்விட்டது. அப்பாவின் மரங்களில் பால் வெட்ட வீட்டிலிருந்து ஒரு ஆள் இறங்க வேண்டும். யார் இறங்குவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசக்கூட இல்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பள்ளி திறந்த அன்று விடியற்காலையில் அம்மா சவேரியம்மா கட்டிலின் ஒரு மூலையில் எர்னஸ்டின் வெள்ளைச் சட்டையை மடித்து வைத்தாள். இன்னொரு மூலையில் அப்பாவின் பால் கறை படிந்த தலைத்துண்டை வைத்தாள். அவ்வளவுதான். சோதனை முடிவு பிறகு வந்தது. அவளுக்குத்தான் நல்ல தேர்ச்சி. அதைக் கேட்டபோது அவள் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவன் பினாங்குக்குப் போனான், கோலாலம்பூருக்குப் போனான், உபகாரச் சம்பளத்தோடு சீமைக்கும் போனான். அவள் மரம் வெட்டினாள், புல் வெட்டினாள், மரியராஜைக் கட்டினாள், பிரிஜெட்டைப் பெற்றாள், தொழிற்சாலைக்கு வந்தாள். இத்தனை வருடமும் காலையில் எழுந்திருக்க அவளிடம் ஒரு நினைப்பு இருந்தது. யாரிடமும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் மூளையும் என் மூளையும் ஒன்றுதான். என்னுடையது கொஞ்சம் கூட. வாய்ப்புதான் போனது, மூளை போகவில்லை.

இப்போது அவன் எதையோ படித்துக் கரைகண்டு வந்திருக்கிறான். அது என்னவென்று கேட்டு, கேட்டும் புரியாமல் போனால்? அப்புறம் அந்த நினைப்பு என்னாகும்? வெறும் பொட்டைப் புலம்பல் என்றாகிவிடும். அவனைத்தான் படிக்க வைத்திருக்க வேண்டும், செய்தது சரி என்றாகிவிடும். ஊசி போடும் டாக்டராக வந்திருந்தாலும் அக்னஸுக்குக் கவலையில்லை. இந்தக் காற்று டாக்டரைக் கண்டுதான் பயம்.

*

வீட்டில் எர்னஸ்ட் வந்த நாளிலிருந்து திருவிழாதான். மரியராஜ் தொழிற்சாலை லோரி ஓட்டுகிறவன். மச்சானுக்கென்று கோத்தா கோலா மூடா வரைக்கும் போய் உயிர் நண்டாகப் பார்த்து வாங்கி வந்தான். சவேரியம்மா அந்த நண்டை உடைத்து, சதையை விரலால் நோண்டி, முப்பத்து மூன்று வயது மகனின் தட்டில் வைத்தாள்.

"ஏன்மா, அவன் கையில என்ன கட்டா போட்டிருக்கு?" என்றாள் அக்னஸ்.

"ஒனக்கும் வேணும்னா கேளு. எதுக்குக் குத்திப் பேசற?"

"எனக்கு வேணாம். நான் ஓட்டையும் சேத்து மென்னுக்குவேன்."

எர்னஸ்ட் சிரித்தான். அவன் எல்லாவற்றுக்கும் சிரித்தான். அவள் வேண்டுமென்றே சீனி போடாமல் தேத்தண்ணி கொடுத்தாள். "ஆகா, நல்லாருக்குக்கா" என்று குடித்தான். அவனுடைய சீமைச் சட்டையைத் துவைக்கும்போது காலரைக் கெட்டி பிரஷால் நார் நாராகத் தேய்த்தாள். பிரிந்துபோன காலரோடேயே அவன் கோயிலுக்குக் கிளம்பினான். கவனிக்கவே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. ஒரு சட்டை போனால் தெரியாத அளவுக்கு அவனிடம் சட்டை இருந்தது.

லயத்து வீடுகளிலிருந்து சனங்கள் வரிசையாக வந்தார்கள். அழகம்மாக்கா சேலையை முட்டிக்கு மேலே தூக்கி, வீங்கிய முழங்காலை அவன் முன்னால் நீட்டினாள். "நான் அந்த டாக்டர் இல்லம்மா" என்று அவன் எவ்வளவோ சொன்னான். அவள் காலை மடக்கவில்லை.

"பரவால்ல தம்பி, தொட்டாவது பாருங்க. படிச்ச கை."

அவனும் மெதுவாக முழங்காலைத் தட்டிக்கொடுத்து, "சரியாயிரும்மா" என்றான். அழகம்மாக்காவுக்கு அப்போதே பாதி வலி போய்விட்டது. நொண்டாமல் நடந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வாசல் நிறைய ஆள். பால் மெசினை மேற்பார்க்கும் மண்டோர் பழனியாண்டிதான் ஆரம்பித்துவைத்தார். "தம்பி, நீங்க என்னா படிச்சீங்கன்னு எங்களுக்கும் புரியற மாதிரி கொஞ்சம் சொல்லுங்களேன்."

எர்னஸ்ட் கையிலிருந்த கோப்பையைக் கரண்டியால் கலக்கிக் காட்டினான். வானத்தில் நட்சத்திரங்கள் ஊர் ஊராகக் கூடியிருக்கின்றன. நாம் இருப்பதும் அப்படி ஓர் ஊர். சில ஊர்களுக்கு நடுவே ஒரு பசித்த வாய் இருக்கிறது. சுற்றிலும் இருக்கிற வாயுவை அது இழுத்து விழுங்குகிறது. விழுங்கும்போது வாயு சூடேறி எரிவதால் நடு மட்டும் ஊர் முழுவதையும்விடப் பிரகாசமாகத் தெரிகிறது. அந்த வாயுவைத்தான் நான் படித்தேன் என்றான்.

"பாத்தீங்களா?" என்று மரியராஜ் தொடையில் தட்டினான். "எங்க மச்சான் சொன்னா மாட்டுக்குக்கூடப் புரியும்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பிரிஜெட் மாமனின் தோளில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். அக்னஸ் வாசற்படியில் நின்றபடி பார்த்தாள். முந்தின நாள் அவள் துணிந்து கேட்டபோதும் இதே கோப்பை, இதே கரண்டி, இதே பசித்த வாய். ஒரு சொல் மாறவில்லை.

மத்தியானம் எல்லாரும் படுத்த பிறகு, அடுப்படியில் தண்ணீர் குடிக்க வந்தவனை மடக்கினாள்.

"எனக்கும் அழகம்மாக்காவுக்கும் ஒரே கதையாடா?"

"என்னக்கா?"

"பசிச்ச வாயி, பேயி, பிசாசு. நான் பாரம் த்ரீ வரைக்கும் உன் பக்கத்துல உக்காந்து படிச்சவ. எனக்கு அந்தக் கதை வேணாம். சீமையில சோதனை பண்றவன் கேட்டான்ல, அவன்கிட்ட சொன்னத சொல்லு."

அவன் தயங்கினான். அந்தத் தயக்கம் அவள் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிறகு அறைக்குள் போய் ஒரு தாளை எடுத்து வந்து, அரிசிச் சாக்கின் மேல் விரித்தான். கட்டம் போட்ட தாள். அதில் ஒரே ஒரு கோடு; நடுவில் மேடாக எழும்பி இறங்கியது. மேடு நேராக இல்லை. ஒரு பக்கம் செங்குத்தாக, இன்னொரு பக்கம் சரிந்து இழுத்துக்கொண்டு போனது.

"இது அந்த நடுவுல இருக்கிற கேஸோட வெளிச்சம். கேஸ் நம்மள நோக்கி வந்தா வெளிச்சம் இந்தப் பக்கம் நகரும், நீலப் பக்கம். தள்ளிப் போனா அந்தப் பக்கம், செவப்பு. மேடு எவ்ளோ அகலமோ அவ்ளோ வேகமா கேஸ் ஓடுதுன்னு அர்த்தம்."

"ஒரு பக்கம் சாஞ்சிருக்கே?"

"அதாங்க்கா என் படிப்பே. அந்தச் சாய்வு ஏன்? கேஸ் உள்ள விழுகுதா, இல்ல வெளிய வீசியடிக்குதா? நடுவுல தூசி இருக்கு, பாதிய மறைச்சிருது. தூசி எந்த இடத்துல நிக்குதுன்னு வச்சிக்கிட்டாதான் பதில். ஒரு இடத்துல வச்சா உள்ள விழுற மாதிரி இருக்கும். வேற இடத்துல வச்சா வெளிய ஓடுற மாதிரி இருக்கும். கோடு ஒன்னுதான்."

"அப்ப ஒனக்கே தெரியாது?"

"யாருக்கும் தெரியாது. சண்டை நடந்துக்கிட்டே இருக்கு."

அக்னஸ் கோட்டையே பார்த்தாள். புரிந்தது. ஒவ்வொரு படியும் புரிந்தது. பதினேழு பதினெட்டு வருடமாகப் பூட்டிக்கிடந்த ஓர் அறையின் கதவு எண்ணெய் போடாமலே திறந்த மாதிரி.

"சரி, உள்ள விழுதுன்னே வச்சிக்க. அப்ப ஏன் எல்லாம் ஒரே அடியா விழுந்து தீந்து போகல?"

எர்னஸ்ட் நிமிர்ந்து பார்த்தான். "ஏன்னா அது சுத்துது. சுத்துறது லேசுல விழாது. சுத்துறது எப்படி நடுவுக்கு வருதுங்கறதுதான் இன்னொரு பெரிய சண்டை."

சுற்றுகிறது. நடுவுக்கு வருகிறது. அக்னஸ் அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். நின்றால் முகத்தில் தெரிந்துவிடும் என்று பயம். இவன் சீமைக்குப் போய்த் தேடியது, இவள் தினமும் நார் போட்டுக் கழுவும், மெசினோடு சுற்றும் சட்டிக்குள் இருந்தது.

*

அடுத்த இரண்டு நாளும் அவள் தொழிற்சாலையில் ஓடுகிற மெசினையே வெறித்துக்கொண்டு நின்றாள். "என்னடி, மெசினு மேல ஆச வந்துருச்சா?" என்று புஷ்பவள்ளி இடித்தாள். அக்னஸுக்கு அது காதில் ஏறவில்லை. மனசுக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவள் சொல்கிறாள். எர்னஸ்ட் வாயடைத்து நிற்கிறான். அவன் எழுதும் புத்தகத்தில் அவள் பெயரைப் போட வேண்டியிருக்கிறது. அம்மா அதைக் கேட்டுத் தலை குனிகிறாள். அந்தக் கடைசிக் காட்சியை அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அம்மாவின் தலை ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

புதன்கிழமை, வேலை முடியும் நேரமாகப் பார்த்து எர்னஸ்டைத் தொழிற்சாலைக்கு வரச் சொன்னாள். மறுநாள் அவன் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் புறப்பட வேண்டும். மண்டோர் பழனியாண்டி சட்டையைச் செருகிக்கொண்டு ஓடிவந்து அவனை உள்ளே அழைத்துப் போனார். கதவு தாண்டியதும் அமோனியா அவன் கண்ணைப் பிடுங்கியது. கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"டாக்டரு அழுவறாரு பாருங்கடி" என்று புஷ்பவள்ளி சொல்ல, பெண்கள் கூடிவிட்டார்கள்.

மெசினை நிறுத்தியதும் அக்னஸ் சட்டியைத் திறந்து காட்டிப் பேச ஆரம்பித்தாள். குரல் தானாகவே உயர்ந்தது.

"இங்க பாரு. தோட்டத்துப் பால இந்த நடுக்குழாயில ஊத்துறோம். சட்டி சுத்துது. தண்ணி கனம், ஓரத்துக்கு ஓடிருது. ரப்பரு லேசு, நடுவுக்கு வந்துருது. நடுவுல வர்றது கட்டிப்பாலு. ஓரத்துல போறது தண்ணிப்பாலு. மண்ணு, தூசி, சேறு எல்லாம் இன்னும் கனம், இந்தா, சட்டிச் சுவத்துல போயி ஒட்டிக்கிது. தெனமும் நாங்கதான் தேய்க்கிறோம்."

"ஆமா லா" என்றார்கள் பெண்கள்.

"உன் வானமும் இதேதான். சுத்துறதுல கனமானது ஓரத்துக்குப் போவுது, லேசான கேஸு நடுவுக்கு வருது. அது விழல, ஒதுங்கி வருது. தூசி கனந்தானே? அப்ப அது நடுவுல இருக்காது, ஓரத்துலதான் நிக்கும். தூசி எங்கன்னு தெரிஞ்சா பதில் தெரியும்னு நீதானே சொன்ன? தெரிஞ்சிருச்சா? சண்டை முடிஞ்சிச்சா?"

எர்னஸ்ட் ஒரு கணம் சட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு கைக்குட்டையை எடுத்துவிட்டு, முகம் மலரச் சிரித்தான்.

"அருமைக்கா! ரொம்ப அருமையா சொன்ன. கே.எல்.ல என் ஸ்டூடன்ஸுக்கு நான் இதையே சொல்லப்போறேன்."

பெண்கள் கை தட்டினார்கள். "நம்ம அக்னஸு டாக்டருக்கே டாக்டரு" என்று புஷ்பவள்ளி அவள் முதுகில் ஓங்கிப் போட்டாள். பழனியாண்டி, "எங்க மெசினு பத்தி வெள்ளைக்காரனுக்கும் எழுதுங்க தம்பி" என்றார். எர்னஸ்ட் அக்னஸின் தோளை மெதுவாகத் தட்டிக்கொடுத்தான்.

அப்படித் தட்டிக்கொடுத்ததில்தான் அவளுக்கு விளங்கியது.

*

செம்மண் சடக்குப் பாதையில் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவன் பக்கத்தில் நடந்தான். வெயில் சாய்ந்து, ரப்பர்த் தோட்டத்துக் கித்தா மரங்களின் நிழல் சடக்கின் குறுக்கே கோடு போட்டிருந்தது. லயத்துக்கு இன்னும் பாதி வழி இருந்தது. அக்னஸ் நின்றாள்.

"நான் சொன்னத உன் புஸ்தகத்துல போடுவியா?"

"புஸ்தகம்னா... அது வேற மாதிரிக்கா. எல்லாம் கணக்காத்தான் இருக்கும்."

"கணக்கா இருந்தா என்ன? போடுவியா, மாட்டியா?"

"ஸ்டூடன்ஸுக்கு சொல்றேன்னு சொன்னேன்ல?"

"அவங்ககிட்டயும் கோப்பையில கரண்டி விட்டுத்தானே கலக்குவ? எர்னஸ்ட், என் மூஞ்சியப் பாரு. நான் சொன்னது தப்பா?"

"தப்புன்னு இல்லக்கா. நீ இவ்ளோ தூரம் யோசிச்சதே..."

"அழகம்மாக்கா முட்டி மாதிரி என்னையும் தட்டிக் குடுக்காதடா!" அவள் போட்ட சத்தத்தில் ஓடையில் குனிந்திருந்த ஒரு கொக்கு எழும்பிப் பறந்தது. "சின்ன வயசுல நான் ஒரு கணக்கு தப்பா போட்டா என்ன பண்ணுவ? தப்பு தப்புன்னு மேசை மேல ஏறிக் குதிப்ப. வருசத்துக்கு ஒரு தடவைதான் கெடைக்கும், அதுக்கு அப்படி ஒரு ஆட்டம். இப்ப அருமைங்கற. அருமை! நாய்க்குட்டி ரெண்டு கால்ல நின்னா சொல்ற அருமை!"

அவன் முகம் சிவந்தது. வந்த நாளிலிருந்து அவள் கொடுத்த சீனியில்லாத தேத்தண்ணியை எல்லாம் அவன் சிரித்துக்கொண்டே குடித்திருந்தான். இப்போது சிரிப்பு நின்றது.

"தப்புதான்! போதுமா? சுத்தமா தப்பு."

"ஏன்?"

"உன் மெசின்ல ரப்பரு தானா நடுவுக்கு வரல. தண்ணி ஓரத்துக்குப் போயி, சட்டியில முட்டி நின்னு, எடத்தப் புடிச்சிக்கிது. எடமில்லாம ரப்பரு நடுவுக்குத் தள்ளப்படுது. எல்லாம் சட்டி இருக்கறதால. வானத்துல சட்டி இல்ல. முட்டி நிக்கச் சுவரு இல்ல. அங்க கனமும் லேசும் ஒரே மாதிரிதான் சுத்தும், ஒரே மாதிரிதான் விழும். தூசியும் கேஸும் கலந்துதான் கெடக்கும். நீ பிரிச்சது மெசின, வானத்த இல்ல."

அக்னஸ் சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மெசினைப் பற்றி அவன் சொன்னது சரிதான் என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. சட்டியில் வெடிப்பு விழுந்த ஒரு நாள் பால் பிரியாமல் வெளியே அடித்துத் தரையெல்லாம் வெள்ளமாகப் போனதை அவளே பார்த்திருக்கிறாள். பார்த்தும் யோசிக்கவில்லை. இரண்டு நாள் மனசில் ஓட்டிய படம் அப்படியே அறுந்து விழுந்தது. அம்மாவின் தலை நிமிர்ந்தே இருந்தது.

ஆக, அவ்வளவுதானா? இவளுக்கு எட்டுவது இவ்வளவுதானா?

இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள். அவன் "அக்கா" என்றான். சைக்கிள் சங்கிலி மட்டும் கடகடத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவள் சடக்கைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சட்டியில முட்டல. சரி. ஒன்னோட ஒன்னு முட்டிக்குமா?"

"எது?"

"கேஸுதான். வேற எத பேசிக்கிட்டு வர்றோம்?"

"முட்டும். மேகம் மேகமா வந்து முட்டும்."

"முட்டுனா வேகம் கொறையும்."

"கொறையும்."

"வேகம் கொறைஞ்சா, சுத்துறது விழும்."

"விழும்."

அவள் மறுபடி நின்றாள். "அப்ப நட்சத்திரமும் சுத்துதே? அதுவும் முட்டி முட்டி விழணுமே? ஊரே காலியாயிருக்கணுமே?"

"நட்சத்திரம் முட்டாது. ஒன்னுக்கும் ஒன்னுக்கும் நடுவுல அவ்ளோ எடம். ரெண்டு ஊரு நட்சத்திரக் கூட்டம் ஒன்னுக்குள்ள ஒன்னு பூந்து போனாக்கூட நட்சத்திரம் நட்சத்திரத்தத் தொடாது."

"அப்ப நட்சத்திரம் காலாகாலத்துக்கும் சுத்திக்கிட்டே கெடக்கும். கேஸு மட்டும்தான் ஒரசி ஒரசி உள்ள விழும். அதான் நீ நட்சத்திரத்த விட்டுட்டு கேஸப் புடிச்சிருக்க."

"ஆமா" என்றான் எர்னஸ்ட்.

அருமை என்று சொல்லவில்லை. தோளைத் தட்டவில்லை. புருவத்தைச் சுளித்துக்கொண்டு, எதிராளியிடம் பேசுகிற மாதிரி பேசினான். "ஆனா அது மட்டும் பத்தாதுக்கா. நீ சொல்ற மாதிரி ஒரசி விழறது ரொம்ப மெதுவா நடக்கும். நடுவுல தெரியற வெளிச்சத்துக்கு அந்த வேகத்துல தீனி போட்டா காணாது. வேற ஏதோ ஒன்னு அத வேகமா உள்ள தள்ளுது. என்னன்னு எனக்குத் தெரியல. அதுலதான் முட்டிக்கிட்டு நிக்கிறேன்."

பள்ளிக்கூடத்துக் கடைசி மேசையில், விடை வராத கணக்கின் முன்னால் உட்கார்ந்திருந்த அதே மூஞ்சி. அக்னஸ் அந்த மூஞ்சியை நன்றாகப் பார்த்தாள். தனக்குத் தெரியாது என்று அவன் யாரிடம் சொல்லுவான்? சீமையில் கூடப் படித்தவனிடம் சொல்லியிருப்பான். வாசலில் கூடியவர்களிடம் சொல்லவில்லை. மரியராஜிடம் சொல்லவில்லை. இப்போது இவளிடம் சொன்னான்.

"அக்கா," என்றான் அவன். "நீ மட்டும் படிச்சிருந்தீன்னா..."

"வாய மூடு."

"இல்லக்கா, நெசமாத்தான்..."

"மூடுன்னேன்ல! அத ஊருல எவன் வேணா சொல்லலாம். நீ சொல்லக்கூடாது. இன்னொரு வார்த்தை சொன்ன, இந்தச் சைக்கிளத் தூக்கி உன் மேலயே போட்டுருவேன்."

அவன் சைக்கிளை விட்டு ஓர் அடி தள்ளி நின்றான்.

இத்தனை வருடமும் ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் அவள் பொறாமைப்பட்டாள். நினைப்பு பொய்யாக இருக்கலாம் என்ற ஒரு சந்து இருந்தது. முதுகு வலித்த நாட்களில், ஒருவேளை நாம் இதற்குத்தான் லாயக்கோ என்று அந்தச் சந்துக்குள் புகுந்து கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளலாம். இன்றைக்கு அந்தச் சந்தும் அடைபட்டுவிட்டது. ஒரு தப்பு, ஒரு சரி. பள்ளிக்கூடத்தில் போட்ட மாதிரியேதான். மூளை அங்கேயே இருந்தது, நகத்தைப் போல உதிராமல். அது தெரிந்தால் மனம் ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. முன்னைவிட நன்றாக, சுத்தமாக எரிந்தது.

அவனை அடிக்க வேண்டும் போல் இருந்தது. அந்த வேறு ஏதோ ஒன்று என்ன என்று கேட்கவும் வேண்டும் போல் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

"அக்கா, எங்க போற? நான் நடக்கணுமா?"

"நட. கால் இருக்குல்ல?"

"கே.எல். போனதும் ஒனக்குப் புஸ்தகம் அனுப்பறேன்க்கா!"

"ஒன்னும் வேணாம்! எனக்கு எங்க நேரம்?"

மேட்டில் ஏறி மிதித்தாள். பின்னால் அவன் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. மேட்டின் உச்சியில் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தை அவன் பார்ப்பதில் அவளுக்கு இஷ்டமில்லை. கித்தா மரங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய்! சின்னப் புள்ளைங்களுக்கு எழுதுனதா பாத்து அனுப்பி வைக்காத!"